ஒரே சட்டை, வேறு வேறு குடும்பம்

ஆரஞ்சு நிற இறக்கை, அதன் மேல் கறுப்புக் கட்டங்களும் புள்ளிகளும். ஐரோப்பாவின் புல்வெளிகளில் இப்படி உடுத்திப் பறந்த பட்டாம்பூச்சிகளுக்கெல்லாம் ஆங்கிலேயர் ஃப்ரிட்டிலரி என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டார்கள். அமெரிக்காவிலோ அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிக்கு செக்கர்ஸ்பாட் என்று தனிப்பெயர். அமெரிக்கர்கள் செய்ததே சரி. நிம்ஃபாலிடே என்ற பெருங்குடும்பத்துக்குள் பெரிய ஃப்ரிட்டிலரிகள் ஹெலிகோனினே என்ற துணைக்குடும்பம், செக்கர்ஸ்பாட்டுகள் நிம்ஃபாலினே.

உறவுமுறை நம் ஊர்வரை நீள்கிறது. 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் ஃப்ரிட்டிலரிகளின் துணைக்குடும்பம்தான். வரப்பில் இறக்கை விரித்து வெயில் காயும் பேன்சி வகைப் பட்டாம்பூச்சிகளோ செக்கர்ஸ்பாட்டுகளுக்குப் பங்காளிகள். அசல் ஃப்ரிட்டிலரியும் நம் மலைகளில் இருக்கிறது: நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் பறக்கும் ஆர்ஜின்னிஸ் ஹைபர்பியஸ். இலங்கையின் உயர்மலைகளிலும் அதைப் பார்க்கலாம்.

இறக்கையைப் பார்ப்பதைவிடப் புழு எதைத் தின்கிறது என்று பார்ப்பது பயன் தரும். ஃப்ரிட்டிலரிப் புழுக்களில் பெரும்பாலானவை வயலட் செடியை விட்டால் வேறெதையும் தொடாது. செக்கர்ஸ்பாட் புழுக்களில் பலவற்றுக்கு இரிடாய்டு என்ற கசப்புப் பொருள் உள்ள செடிகள் வேண்டும். நம் இசப்கோலின் உறவான பிளான்டாகோ அவற்றில் ஒன்று. அந்தக் கசப்பு உடம்பில் ஏறிவிட்டால் பறவைகள் கிட்டே வரத் தயங்கும். குணத்திலும் வேறுபாடு உண்டு. செக்கர்ஸ்பாட் புழுக்கள் இளம்பருவத்தில் பட்டுநூல் வலை பின்னிக் கூட்டமாக வாழும். அமெரிக்காவின் ஸ்பெயேரியா ஃப்ரிட்டிலரிகளோ தனிமை விரும்பிகள். கோடையின் கடைசியில், வயலட் செடிகள் காய்ந்துபோன இடத்தில் தாய் முட்டையிட்டுப் போகும். பொரித்து வரும் புழு ஒரு வாய் இலைகூடத் தின்னாமல் குளிர்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் தளிர் வந்த பிறகே பசியாறும். இந்த அசட்டுத் துணிச்சலை ஈடுகட்டத்தானோ என்னவோ, ஸ்பெயேரியாவைச் சேர்ந்த ரீகல் ஃப்ரிட்டிலரி ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடுகிறது!

அறிஞர்களுக்குள்ளும் இழுபறி உண்டு. ஃப்ரிட்டிலரிகளின் ஆர்ஜின்னிஸ், செக்கர்ஸ்பாட்டுகளின் மெலிடேயா ஆகிய இரு பேரினங்களுக்கும் 1807-இல் பெயரிட்டவர் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ். பின்னால் வந்தவர்கள் ஆர்ஜின்னிஸைப் பல துண்டாக்கினார்கள். இந்த நூற்றாண்டில் சிலர் ஸ்பெயேரியாவை மீண்டும் அதற்குள் சேர்த்தார்கள். மரபணு ஆய்வைக் காட்டி வேறு சிலர் பிரித்தார்கள். இறக்கை அச்சு ஒரே இனத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறுகிறபோது சண்டை எப்படி ஓயும்? டயானா ஃப்ரிட்டிலரியிலோ ஆணும் பெண்ணுமே வேறு வேறு: ஆண் ஆரஞ்சு, பெண் நீலக்கறுப்பு. பெண்ணுக்கு நச்சுள்ள வேறொரு பட்டாம்பூச்சியைப் போல வேடம்.

உணவுச்செடி இப்படிக் கட்டிப்போடுவதால் இந்தப் பட்டாம்பூச்சிகள் எளிதில் அழிகின்றன. அதனாலேயே ஆய்வாளர்களுக்குப் பிடித்தமானவையாகவும் ஆகிவிட்டன. பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் இல்கா ஹன்ஸ்கி கிளான்வில் ஃப்ரிட்டிலரியைத் தொடர்ந்து கவனித்தார். பெயர் அப்படி இருந்தாலும் இது செக்கர்ஸ்பாட் கிளையைச் சேர்ந்த மெலிடேயா. சுமார் 4,000 சிறு புல்வெளிகள். ஒன்றில் அழியும், இன்னொன்றில் புதிதாகக் குடியேறும். மொத்தக் கணக்கில் இனம் பிழைத்திருக்கும்.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜில் பால் எர்லிக் 1960-இலிருந்து கவனித்துவந்த பே செக்கர்ஸ்பாட், 1998-க்குள் அங்கே அற்றுப்போனது. மழை தாறுமாறாக மாற, புழு வளர்ந்து முடிப்பதற்குள் செடி காய்ந்துவிட்டது. சான் ஹோசே பக்கத்துக் குன்றுகளில் வேறு சிக்கல். கார்ப்புகையிலிருந்து படியும் நைட்ரஜன், சத்தில்லாத செர்பன்டைன் மண்ணுக்கு உரமாகி, வெளியூர்ப் புல்லை ஓங்கி வளரவிடுகிறது. அதன் அடியில் பிளான்டாகோ மூச்சுமுட்டிச் சாகும். மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் பட்டாம்பூச்சி காணாமல் போனது. மாடுகள் அந்தப் புல்லை மேய்கிற இடங்களில் தாக்குப்பிடிக்கிறது.