குறையுள்ள டிராக்டர் வாங்கியவருக்குச் சட்டம் அளிக்கும் பரிகாரம்

உழவுக்கு மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பார். பல் பிடித்துப் பார்ப்பார். ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டியும் பார்ப்பார். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள டிராக்டரை வாங்கும்பொழுதோ, அதே குடியானவர் டீலரின் வாய்ச்சொல்லை நம்பி, நீட்டிய தாள்களிலெல்லாம் கையொப்பமிட்டுவிடுகிறார். வண்டி வீடு வந்து சேர்ந்தபின் கியர்ப் பெட்டியில் சத்தம் கிளம்புகிறது. ஹைட்ராலிக் கருவி கலப்பையைத் தூக்க மறுக்கிறது. தொளி உழவுக்குரிய பத்து நாட்களும் வண்டி பட்டறையில் கிடக்குமாயின், நஷ்டமாவது பழுதுபார்க்கும் கூலி மாத்திரமன்று. அந்தப் போகமே பின்தங்கிப் போகிறது. இத்தகைய சமயத்தில் குடியானவருக்குச் சட்டத்தில் உள்ள உரிமைகள் யாவை என்பது ஈண்டு விளக்கப்படுகிறது.

சட்டம் யாது?

சரக்கு விற்பனை பற்றிய 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டில் வழக்கிடும் வழி முன்பிருந்தே உண்டு. எனினும் செலவும் காலதாமதமும் கருதிப் பலர் அதனை நாடுவதில்லை. 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு எளிய வழி ஒன்றை வகுத்தது. அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமுலுக்கு வந்துள்ளது.

குடியானவர் நுகர்வோர் ஆவாரா?

வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர். இதனைக் காட்டியே சில டீலர்கள் குடியானவரின் பிராதைத் தட்டிக்கழிக்க முற்படுவர். ஆனால், சுயதொழிலால் தமது ஜீவனத்தைத் தேடும் பொருட்டே வாங்கிப் பயன்படுத்துவது வியாபார நோக்கம் ஆகாதெனச் சட்டமே கூறுகிறது. வாடகை மோட்டாரைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்றும், பிறரைக்கொண்டே ஓட்டுவிப்பவர் அவ்வாறு ஆகார் என்றும் 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விதை வாங்கிப் பயிரிட்ட விவசாயிகளும் நுகர்வோரே என 2012-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின், சொந்த நிலத்தை உழுவதற்கு டிராக்டர் வாங்கியவர் அஞ்ச வேண்டுவதில்லை. பல டிராக்டர்களை வாங்கிக் கூலி டிரைவர்களை வைத்து வாடகைக்கு விடுபவரின் நிலை வேறு.

எவ்விதப் பரிகாரம் கிடைக்கும்?

குறையை நீக்கித் தருமாறும், குறையற்ற வேறு வண்டி தருமாறும், விலையை வட்டியுடன் திருப்பித் தருமாறும், நஷ்டஈடு கொடுக்குமாறும் உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எந்தப் பழுதுக்கும் புது வண்டி கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. உத்தரவாதப் பத்திரம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் கூறும்பொழுது, அப்பாகத்துக்காக வண்டி முழுவதையும் மாற்றித் தரும்படி ஆணையிட இயலாதென 2006-இல் ஒரு மோட்டார்க் கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, குறை வண்டியின் உற்பத்தியிலேயே அமைந்தது என்பதையும், பலமுறை பழுதுபார்த்தும் தீராதது என்பதையும் நிரூபித்தல் இன்றியமையாதது.

2009-இல் செய்யப்பட்ட காரை 2011-ஆம் ஆண்டுக் கார் என விற்ற ஒரு வழக்கில், டீலர் செய்த பிழைக்கு, அதில் பங்கிருந்ததாக நிரூபிக்கப்படாத உற்பத்திக் கம்பெனியைப் பொறுப்பாக்க இயலாதென 2021-இல் தீர்ப்பாயிற்று. எனவே வாங்குமுன்பே உற்பத்தி ஆண்டைச் சரிபார்த்தல் நலம். உற்பத்திக் குறை பற்றிய பிராதில் கம்பெனி, டீலர் ஆகிய இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது தக்கது.

சேகரிக்க வேண்டிய ஆதாரங்கள்

1. விலை ரசீது, உத்தரவாதப் பத்திரம், கடன் பத்திரம், பதிவுச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக.

2. பட்டறைக்கு வண்டி செல்லும் ஒவ்வொரு முறையும், ஓடிய மணிக்கணக்கும் கூறப்பட்ட குறையும் வேலைச்சீட்டில் எழுதப்படுமாறு செய்து, நகல் பெறுக. வாய்மொழிப் புகார் பின்னர் சாட்சி சொல்லாது.

3. குறித்த மணி நேரத்தில் எண்ணெய் மாற்றுதல் முதலிய பராமரிப்பைத் தவறவிடலாகாது. உத்தரவாதக் காலத்தில் வெளி மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சினைப் பிரித்தால், குறைக்கு அதுவே காரணமென எதிர்தரப்பினர் வாதிப்பர்.

4. தகுதிபெற்ற பொறியியல் வல்லுநரின் அறிக்கை வழக்குக்குப் பெரும் பலமாகும். பரிசோதனையின்றி முடிவுசெய்ய இயலாத குறையாயின், ஆணையமே தக்க பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கோரலாம்.

5. மாற்று வண்டிக்குக் கொடுத்த வாடகை ரசீதுகளையும், பயிர் விவரம் காட்டும் அடங்கல் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். நஷ்டத்தின் அளவைக் காட்ட இவையே துணை. அடங்கல் நகலைத் தாமதமின்றி வழங்குவது கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்க பேருதவி.

பிராது செய்யும் முறை

முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புதல் நலம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அதனால் பயனில்லையாயின், கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கம்பெனி எங்கிருப்பினும், குடியானவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். விலை 5 இலட்சம் வரை கட்டணமில்லை. 10 இலட்சம் வரை 200 ரூபாய். 20 இலட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். "அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்னும் டீலரின் சமாதானங்களை நம்பி இக்கெடுவைக் கடத்திவிடலாகாது. எதிர்தரப்பினர் 30 நாட்களுக்குள், மிஞ்சினால் மேலும் 15 நாட்களுக்குள், பதில் அளிக்க வேண்டும். பரிசோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவையானதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமெனச் சட்டம் கூறினும், நடைமுறையில் காலம் நீள்வதும் உண்டு. தீர்ப்பின்மீது 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் அப்பீல் செய்யலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர்க்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

கடன் தவணை பற்றிய எச்சரிக்கை

வண்டி ஓடவில்லை என்று பாங்குத் தவணையை நிறுத்துவது பெருந்தவறு. கடன் ஒப்பந்தம் வேறு. விற்பனை ஒப்பந்தம் வேறு. தவணை தவறினால் வண்டி ஜப்தியாவதோடு, வழக்குக்குரிய முக்கியச் சாட்சியமும் கைவிட்டுப் போகும்.

மாட்டுத் தரகில் ஏமாந்தவர் விதியென்று இருந்துவிடுவது பழைய வழக்கம். யந்திர விஷயத்தில் அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை. ரசீதும் வேலைச்சீட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்து, காலம் தவறாமல் பிராதும் செய்யப்படுமாயின், சட்டம் குடியானவருக்குத் துணை நிற்கும்.