குயின்ஸ் பார்க்கில் எம்மவர் குரல்
ஓர் இளம் உறுப்பினரின் முதற் சட்டமூலம்

2009 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆந் திகதி, அன்னையர் தினம். வன்னியிலிருந்து வந்த செய்திகளைத் தாங்கமாட்டாத எம்மக்கள் குழந்தைகளோடும் தள்ளுவண்டிகளோடும் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்தனர். துயரைச் சொல்ல வீதியைத் தவிர வேறு வாயில் அன்று எமக்குத் தென்படவில்லை. பத்தாண்டுகளின் பின்னர் அதே துயரம் குயின்ஸ் பார்க்கிலுள்ள ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு சட்டமூலமாக வைக்கப்பட்டது. வைத்தவர், முதன்முறையாகத் தெரிவாகியிருந்த இளம் உறுப்பினர் திரு. விஜய் தணிகாசலம்.

இலங்கையிற் பிறந்து இளவயதிற் கனடாவுக்கு வந்த இவர், 2018 யூன் 7 ஆந் திகதி நடைபெற்ற மாகாணத் தேர்தலில் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் சார்பில் ஸ்காபுரோ ரூஜ் பார்க் தொகுதியில் நின்றார். அவருடைய பழைய முகநூற் பதிவுகள் தேர்தல் வேளையிற் சர்ச்சையாகி, அவர் மன்னிப்புக் கோரவும் நேர்ந்தது. ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளாலேயே வென்றார். அதே நாளில் மார்க்கம் தோர்ன்ஹில் தொகுதியில் திரு. லோகன் கணபதியும் வெற்றி பெற்றார். கனடியப் பாராளுமன்றத்தில் 2011 இல் செல்வி ராதிகா சிற்சபைஈசன் நுழைந்திருந்தாரெனினும், ஒன்ராறியோச் சட்டமன்றத்திற் தமிழர் அமர்ந்தது இதுவே முதன்முறை.

அமைச்சரல்லாத புதிய உறுப்பினருக்கு உள்ள கருவி தனிநபர் சட்டமூலமே. அதனை விவாதிக்கும் முறை சீட்டுக்குலுக்கலாற் கிடைப்பது. அரச பணத்தைச் செலவிடுமாறு அது கோர இயலாது. கூட்டத்தொடர் முடிவுற்றால் அதுவும் பொதுவாகச் செயலிழந்துவிடும். எனவே இத்தகைய சட்டமூலங்களிற் பெரும்பாலானவை சட்டமாவதில்லை.

104 ஆம் இலக்கச் சட்டமூலம் 2019 ஏப்ரலில் முதல் வாசிப்புக்கு வந்தது. ஈராண்டுக் காத்திருப்பின் பின், கட்சி வேறுபாடற்ற ஆதரவுடன், 2021 மே 6 ஆந் திகதி மூன்றாம் வாசிப்பிலே நிறைவேறி, மே 12 இல் அரச ஒப்புதல் பெற்றது. அதுவே தமிழ் இனப்படுகொலை கல்வி வாரச் சட்டம். ஆண்டுதோறும் மே 18 இல் முடிவுறும் ஏழு நாட்களை அது அறிவூட்டும் வாரமாகப் பிரகடனம் செய்கிறது.

இலங்கை அரசு இதனை ஆட்சேபித்தது. இங்குள்ள சில அமைப்புக்கள், மாகாணம் தன் அதிகாரத்தை மீறியதென வழக்குத் தொடுத்தன. 2022 இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றமும், 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தன. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேலும் விசாரிக்க மறுத்தது. இதற்கிடையில் 2022 இலும் 2025 இலும் மீண்டும் தெரிவான தணிகாசலம், 2025 மார்ச்சில் உளநலத்துக்கும் போதைப்பழக்க மீட்புக்குமான இணை அமைச்சரானார்.

ஆயினும், வாசகர்களே, ஒன்றை மறவாதிருப்போம். இச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒன்ராறியோ மக்கள் தமிழினப் படுகொலையையும் உலகில் நிகழ்ந்த ஏனைய இனப்படுகொலைகளையும் பற்றி அறிந்துகொள்ள ஊக்குவிக்கிறது, அவ்வளவே. அதற்கென நிதியுமில்லை, தண்டனையுமில்லை. உறுப்பினர் தம் கடமையைச் செய்து முடித்தார். எஞ்சிய பாதி எம்மிடமே உள்ளது. மே மாதம் பிறக்குமுன் பிள்ளைகளின் ஆசிரியரைச் சந்தித்து, அவ்வாரத்தில் வகுப்பில் என்ன செய்யப்படும் என்று பணிவுடன் வினவுங்கள். எக்கட்சியைச் சேர்ந்தவராயினும் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சென்று பேசுங்கள். குடியுரிமை பெற்றோர் தவறாது வாக்களியுங்கள். ஆயிரம் வாக்குகளுக்குள் ஓர் ஆசனம் தீர்மானிக்கப்பட்டதை ஸ்காபுரோவில் நாம் கண்டோமல்லவா?