ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானா? பெங்களூரு–சென்னை பயணத்தின் உண்மையான கணக்கு

பெங்களூருல வேலை, சென்னையில வீடு. மாசம் ஒரு தடவை ஊருக்குப் போகணும். வெள்ளிக்கிழமை ஆனா போன்ல ஃப்ளைட் டிக்கெட் தேடுவீங்க. "ஒரு மணி நேரம்தானே, போயிடலாம்"னு தோணும். இந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்குதுன்னு பார்த்திருக்கீங்களா?

முதல்ல தூரம். ரெண்டு ஊருக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 290 கி.மீ., சாலையில் சுமார் 350 கி.மீ. விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனா நீங்க ஓடுபாதையில குடியிருக்கலையே!

கோரமங்கலாவிலிருந்து வேளச்சேரிக்குப் போறதா வச்சுக்குவோம். தேவனஹள்ளி ஏர்போர்ட் சுமார் 40 கி.மீ. டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம். செக்-இன், செக்யூரிட்டி எல்லாம் முடிக்க இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஃப்ளைட் ஒரு மணி நேரம். இறங்கி, பெட்டி எடுத்து, வீடு சேர ஒரு மணி நேரம். மொத்தம் 5 மணி நேரம்.

இப்போ வந்தே பாரத். ரயிலில் மட்டும் சுமார் நாலரை மணி நேரம். ஸ்டேஷன் போக, காத்திருக்க, சென்ட்ரல்ல இறங்கி வீட்டுக்குப் போக இரண்டரை மணி நேரம். மொத்தம் 7 மணி நேரம்.

ஆக, ஃப்ளைட்ல மிச்சமாவது 2 மணி நேரம்தான்.

அடுத்து பணம். உதாரணத்துக்கு, ஃப்ளைட் டிக்கெட் 3,000 ரூபாய், ரெண்டு பக்கமும் கேப், ஆட்டோ சேர்த்து 1,250. மொத்தம் 4,250. ரயில் டிக்கெட் 1,000, ஆட்டோ, பறக்கும் ரயில் சேர்த்து 250. மொத்தம் 1,250. வித்தியாசம் 3,000 ரூபாய்.

அதாவது ஒரு மணி நேரத்தை 1,500 ரூபாய் குடுத்து வாங்குறீங்க. உங்க சம்பளம் 40,000, மாசம் 200 மணி நேரம் வேலைன்னா, நீங்க ஒரு மணி நேரத்துக்குச் சம்பாதிக்கிறது 200 ரூபாய்!

போக வர மாசம் 6,000. வருஷத்துக்கு 72,000. இதையே மாசாமாசம் எஸ்.ஐ.பி.-ல போட்டு, ஆண்டுக்கு 10% வருமானம் கிடைச்சா, 10 வருஷத்தில் 12 லட்சத்துக்கு மேல். இது உத்தரவாதம் இல்லை, சும்மா ஒரு கணக்குதான். ஆனா போட்ட பணம் மட்டுமே 7.2 லட்சம்.

அப்போ ஃப்ளைட்டே வேண்டாமா? அப்படி இல்லை. சென்னை–டெல்லி ரயில் பாதை 2,000 கி.மீ.க்கு மேல். ராஜதானியிலேயே ஒரு நாளுக்கு மேல ஆகும். ஃப்ளைட்ல மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஒரு நாள் லீவு மிச்சமாகுதுன்னா தாராளமா பறக்கலாம். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா கணக்கே பார்க்காதீங்க, உடனே கிளம்புங்க.

மத்த நேரத்துல மூணு விஷயம் பண்ணுங்க:

1. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடியே திறக்குது. ஊருக்குப் போற தேதியை அப்பவே முடிவு பண்ணுங்க.

2. ராத்திரி மெயில்ல ஏறினா தூங்கிக்கிட்டே போகலாம். பகல்ல ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

3. ஃப்ளைட்டேதான்னா, பெங்களூருல கேப்புக்குப் பதிலா வாயு வஜ்ரா பஸ்ல ஏர்போர்ட் போங்க.

அடுத்த தடவை டிக்கெட் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வீட்டு வாசல்ல இருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், அதுக்கு எவ்வளவு குடுக்கிறேன்?" உங்க ஊர் கணக்கு என்ன வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!