அரசின் கை எதுவரை நீளலாம்? அமெரிக்கப் பழமைவாதிகளின் வாதம்

அமெரிக்கப் பழமைவாதிகள் தாராளவாதிகள் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளை மூன்றாகப் பிரிக்கலாம். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு மாநிலங்களின் விவகாரங்களிலும் தனிமனிதரின் தொழிலிலும் அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்பது ஒன்று. நீதிமன்றங்களின் துணையோடு பொதுவாழ்விலிருந்து மதத்தை வெளியேற்றுகிறார்கள் என்பது இன்னொன்று. எல்லாரையும் ஒன்றுபோல நடத்த வேண்டிய சட்டத்தை, நிறம் பார்த்துச் சலுகை தரும் சட்டமாக மாற்றிவிட்டார்கள் என்பது மூன்றாவது. இவற்றைத் தேர்தல் முழக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. எழுபது ஆண்டுகளாகப் புத்தகங்களிலும் செனட் சபையிலும் நீதிமன்றங்களிலும் வளர்ந்துவந்த வாதங்கள் இவை. இவற்றின் வலுவும் இவற்றில் படிந்த கறையும் கருப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தன.

இயக்கம் உருவான விதம்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த ‘நியூ டீல்’ திட்டங்கள் மத்திய அரசை அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாக்கின. முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவித்தொகை, தொழிற்சங்க உரிமை எனப் பலவற்றுக்கும் அரசு பொறுப்பேற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படித்த வட்டாரங்களில் தாராளவாதமே பொதுக்கருத்தாக இருந்தது.

அதை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் எஃப். பக்லி. யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே பல்கலைக்கழகம் மாணவர்களின் கிறிஸ்தவ நம்பிக்கையையும் தனியார் தொழில்மீதான மதிப்பையும் குலைக்கிறது என்று குற்றம்சாட்டி 1951இல் ஒரு நூல் வெளியிட்டார். 1953இல் ரஸ்ஸல் கெர்க், பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கிலிருந்து தொடங்கிப் பழமைவாதச் சிந்தனையின் வரலாற்றை எழுதினார். 1955இல் பக்லி ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கினார். சந்தைச் சுதந்திரத்தை விரும்பியவர்கள், மரபையும் மதத்தையும் காக்க நினைத்தவர்கள், கம்யூனிசத்தை எதிர்த்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் அந்த இதழில் ஒன்றுகூடினர்.

உரிமைச் சட்டமும் மாநில அதிகாரமும்

கருப்பின மாணவர்களைத் தனிப் பள்ளிகளில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு, அதில் நீதிமன்றம் தலையிட இடமில்லை என்று தென்மாநில அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தனர். பக்லியின் இதழ் அவர்கள் பக்கம் நின்றது. கருப்பினத்தவர் எண்ணிக்கையில் மிகுந்திருக்கும் இடங்களிலும் வெள்ளையரே ஆளலாம், ஏனெனில் இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்று 1957இல் அது தலையங்கம் தீட்டியது. அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற கொள்கை, இன மேலாதிக்கத்துக்குக் கேடயமாக மாறிய தருணம் அது. இன ஒதுக்கல் காலப்போக்கில் தானாக மறையும் என்று நம்பியது தவறு, மத்திய அரசின் தலையீடு தேவைப்பட்டது என்று பக்லியே 2004இல் ஒப்புக்கொண்டார்.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம்தான் பெரிய மோதலாக அமைந்தது. உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற பொது இடங்களிலும் வேலை தருவதிலும் இனப் பாகுபாட்டை அது தடைசெய்தது. தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் இரண்டு மாதங்களுக்கும் மேலாகப் பேசிப் பேசியே செனட்டில் மசோதாவை முடக்கிவைத்தனர். செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த எவரெட் டிர்க்சன் ஆதரவு திரட்டிய பிறகே முட்டுக்கட்டை விலகியது. மசோதா 73 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 27 பேர். குடியரசுக் கட்சி செனட்டர்களில் 27 பேர் ஆதரித்தனர், 6 பேர் மட்டுமே எதிர்த்தனர்.

அந்த ஆறு பேரில் ஒருவர், அந்த ஆண்டு அக்கட்சியின் அதிபர் வேட்பாளரான அரிசோனாவின் பாரி கோல்ட்வாட்டர். 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர் அவர். தனியார் கடைக்காரர் யாருக்குப் பரிமாறலாம், யாரை வேலைக்கு வைக்கலாம் என்று மத்திய அரசு ஆணையிட அரசியல் சட்டத்தில் இடமில்லை என்பதே அவருடைய வாதம். மனிதர்களின் மனத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது என்றும் சொன்னார். தேர்தலில் லிண்டன் ஜான்சனிடம் படுதோல்வி அடைந்தார். அவருக்குக் கிடைத்தவை சொந்த மாநிலமும் இன ஒதுக்கலை விடாப்பிடியாகக் காத்த ஐந்து தென்மாநிலங்களும்தான். அவர் கொள்கைக்காகவே வாக்களித்திருந்தாலும், அவரை ஆதரித்துத் தென்பகுதி திரண்டதற்குக் காரணம் வேறு. தென்பகுதி வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்கு நகரும் நீண்ட மாற்றத்துக்கு அந்தத் தேர்தல் வழிதிறந்தது.

சட்டம் வந்ததும் வழக்குகள் வந்தன. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ‘ஆலிஸ் பார்பிக்யூ’ என்ற உணவகம் இருந்தது. ஏறத்தாழ 220 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊழியர்கள் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கருப்பினத்தவர். ஆனால் கருப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் கட்டி வாங்கிப்போகலாம், அவ்வளவுதான். இது உள்ளூர்க் கடை, இதில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று உரிமையாளர்கள் கேட்டனர். கடை ஓராண்டில் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் மதிப்புள்ள உணவுப்பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இந்தக் கடைக்கும் பொருந்தும் என்று 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு மாநில எல்லையைத் தாண்டிய இறைச்சித் துண்டை வைத்து மத்திய அரசு எதில் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றால் அதன் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையே என்பது பழமைவாத சட்ட அறிஞர்கள் எழுப்பிய கேள்வி. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் ‘மாநிலம் முடிவு செய்யட்டும்’ என்ற பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எழுத்தறிவுச் சோதனை, தேர்தல் வரி, மிரட்டல் ஆகியவற்றால் தென்மாநிலங்கள் கருப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கே வரவிடவில்லை. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதை எட்டிய கருப்பினத்தவரில் 1965க்கு முன் பதிவு பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில் அது 60 விழுக்காட்டை நெருங்கியது. தங்கள் விதியைத் தீர்மானிக்கும் அவையில் குரலே இல்லாதவர்களுக்கு அந்த அவையின் அதிகாரம் பாதுகாப்பாக இருந்திருக்க முடியாது.

பள்ளிப் பிரார்த்தனையும் வரிவிலக்கும்

1791இல் சேர்க்கப்பட்ட முதலாவது சட்டத்திருத்தம், நாடாளுமன்றம் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக்கூடாது என்றும், மத வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டில் எதற்கு முதலிடம் என்பதில்தான் சண்டை. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு சுருக்கமான பிரார்த்தனையை எழுதித் தந்திருந்தது. விரும்பாத மாணவர் வாய்மூடி இருக்கலாம். பத்து மாணவர்களின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பிரார்த்தனை எழுதுவது அரசின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, பள்ளிகளில் வழிபாடாக நடந்த பைபிள் வாசிப்பையும் தடைசெய்தது. நடுநிலை என்ற பெயரில் அரசு மத நம்பிக்கைக்கே பகையாகிறது என்று பழமைவாதிகள் கண்டித்தனர். வகுப்பில் தனித்துத் தெரியும் சிறுபான்மைக் குழந்தையின் மீது விழும் அழுத்தமும் கட்டாயம்தான் என்பது எதிர்த்தரப்பின் பதில்.

கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதலில் கத்தோலிக்கர்களையும், பின்னர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களையும் அரசியலுக்கு இழுத்தது. ஆண் பெண் சமத்துவச் சட்டத்திருத்தத்தை எதிர்த்து ஃபிலிஸ் ஷ்லாஃப்லி நடத்திய இயக்கம் குடும்ப மரபைப் பேசிய பெண்களைத் திரட்டியது. 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்ட அந்தத் திருத்தம் 35ஐத் தாண்டாமல் 1982இல் காலாவதியானது.

இங்கும் இனப் பிரச்சினை கூடவே வந்தது. பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்ற நிலைப்பாட்டை 1970களில் மத்திய வரித்துறை எடுத்தது. மாணவர்கள் வேற்றினத்தவரைக் காதலிக்கத் தடை விதித்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், அது தன் மத நம்பிக்கை என்று வாதாடி 1983இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மத வலதுசாரி இயக்கத்தைத் தட்டியெழுப்பியது கருக்கலைப்பு அல்ல, இந்த வரிவிலக்குச் சண்டையே என்கிறார் வரலாற்றாய்வாளர் ராண்டால் பால்மர்; பிற ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெலின் பயணம் ஒரு நல்ல சான்று. குடிமை உரிமைப் போராட்டத்தில் இறங்கிய பாதிரியார்களை 1965இல் கண்டித்தவர், 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கித் தாமே அரசியலில் இறங்கினார். அடுத்த ஆண்டு ரொனால்ட் ரீகனின் வெற்றியில் அந்த அமைப்புக்கும் பங்குண்டு.

நிறம் பாராத சட்டம்

பழைய அநீதியை ஈடுசெய்ய வேலையிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் சிறுபான்மையினருக்கு முன்னுரிமை தரும் முறை 1960களின் பிற்பகுதியில் பரவியது. அமெரிக்காவில் அது எண்ணிக்கை குறித்த இட ஒதுக்கீடாக நிலைபெறவில்லை. கலிஃபோர்னியாவின் ஒரு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் 1978இல் ரத்து செய்தது. ஆனால் சேர்க்கையில் இனத்தையும் ஓர் அம்சமாகக் கருதலாம் என்றது. அதையும் பழமைவாதிகள் ஏற்கவில்லை; சட்டம் நிறமே பார்க்கக்கூடாது என்றனர். பொருளியலாளர் தாமஸ் சோவெலும் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் இந்த வாதத்தின் முன்னணிக் குரல்கள், இருவரும் கருப்பினத்தவர். சலுகை பெற்றவர் என்ற முத்திரை தகுதியுள்ளவரின் சாதனையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்பது தாமஸின் கருத்து. தலைமுறைகளாக மறுக்கப்பட்ட சொத்தும் கல்வியும், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அறிவித்த மாத்திரத்தில் கைக்கு வந்துவிடுமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரு தரப்பும் 1868ஆம் ஆண்டின் பதினான்காவது சட்டத்திருத்தத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றன. 2023இல் உச்ச நீதிமன்றம், ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் இனம் சார்ந்த சேர்க்கை முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

எதிர்ப்பிலிருந்து அதிகாரத்துக்கு

இந்த வெற்றிக்குப் பின்னால் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. நீதிபதிகள் சட்டத்துக்குப் புதுப்பொருள் கற்பிக்கக்கூடாது, இயற்றப்பட்ட காலத்தில் அதன் சொற்களுக்கு இருந்த பொருளையே கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டை ராபர்ட் போர்க், ஆன்டனின் ஸ்காலியா போன்றோர் வளர்த்தனர். 1982இல் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி அந்தக் கோட்பாட்டில் தேர்ந்த வழக்கறிஞர்களை உருவாக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவு ஒன்று செயலிழந்தது. 2022இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானது. அதே ஆண்டு, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் பிரார்த்தனை செய்த பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. ஒருபாலினத் திருமணத்துக்கு இணையதளம் வடிவமைக்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமையை மீறுவது என்று 2023இல் நீதிமன்றம் சொன்னது. வாடிக்கையாளரை மறுக்கும் உரிமை பற்றி 1964இல் நடந்த வாதம் வேறு உருவத்தில் திரும்பியது என்கின்றனர் தாராளவாதிகள். மறுக்கப்பட்டது மனிதர் அல்ல, ஒரு கருத்தை வெளியிடுவது மட்டுமே என்கின்றனர் பழமைவாதிகள்.

அதே கோட்பாடு எதிர்பாராத பக்கமும் திரும்பியிருக்கிறது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால், ஒருபாலீர்ப்பினரையும் திருநரையும் வேலையிலிருந்து நீக்குவது சட்டமீறலே என்று 2020இல் தீர்ப்பு எழுதியவர் பழமைவாத நீதிபதி நீல் கோர்சச். ஹார்வர்டுக்கு எதிரான வழக்கும் அதே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில்தான் தொடுக்கப்பட்டது. கோல்ட்வாட்டர் எதிர்த்து வாக்களித்த சட்டம் இன்று இரு தரப்புக்கும் பொதுவான அடித்தளம். அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது என்று பழமைவாதம் கேட்பது எந்தக் குடியரசுக்கும் தேவை. அந்த எல்லையால் முதலில் பாதிக்கப்படுவது யார், அவருக்கு முடிவெடுக்கும் இடத்தில் வாக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்வி முழுமையாகும்.