தோள் கிழிந்தவரை நம்பலாமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் உதைப்பதைவிட எறிவதுதான் அதிகம். பந்தை யாருக்கு எறிவது என்று சில விநாடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவர் தோள் போனால் டீமே போச்சு!

2005 டிசம்பர் 31 அன்று, சான் டியாகோ அணியில் ஆடிய ட்ரூ பிரீஸுக்கு எறியும் வலது தோளே கிழிந்தது. ஆபரேஷன் ஆச்சு. மயாமி அணியின் டாக்டர்கள் தயங்கினார்கள். அந்த அணி கல்பெப்பரை எடுத்தது. (அவருக்கு முழங்கால் காயம், அது வேற கதை!) பிரீஸை 2006 மார்ச்சில் எடுத்தது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். கத்ரீனா புயலில் மூழ்கிய ஊர். முந்தைய சீசனில் 16 ஆட்டத்தில் 3 வெற்றிதான். 'போயும் போயும் இவரையா?'ன்னு ரசிகர் கேட்டிருந்தால் தப்பில்லை.

ஆனால் நான் பழைய கணக்கையும் பார்ப்பேன். 2004-ல் அவர் எறிந்து கிடைத்த டச்டவுன் 27. எதிரணி கையில் சிக்கிய பந்து 7 மட்டுமே. அது வெறும் தோள் பலம் இல்லை, கணிப்பு. தோள் கிழிந்தால் கணிப்புமா கிழியும்? அதனால் நம்பலாம் என்பதே என் கட்சி.

2006-ல் அவர் பாஸ்களில் 4,418 யார்டு. லீக்கிலேயே அதுதான் அதிகம். செயின்ட்ஸுக்கு 10 வெற்றி. கல்பெப்பர் ஆடியது 4 ஆட்டம். 2010 பிப்ரவரியில் செயின்ட்ஸ் சூப்பர் பவுலையே ஜெயித்தது. எந்த அணியின் மைதானத்தில் தெரியுமா? மயாமி!