ஒரு புள்ளி தப்பினால் கோலம் போச்சு!

சிதம்பரம், கடலூர் தெருக்களில் மார்கழி வந்தால் வாசலெல்லாம் புள்ளிக் கோலம். ஒரு புள்ளி தப்பினால் எல்லாம் போச்சு!

பழைய வீடியோ விளையாட்டுப் படங்களுக்கும் அதே கதிதான். அங்கே புள்ளிக்குப் பதில் குட்டிக் கட்டங்கள்.

மீசை வந்த கதை

1981-ல் ஜப்பான்காரர் மியாமோட்டோ, 'டாங்கி காங்' விளையாட்டுக்கு மரியோவை வரைந்தார். கிடைத்தது 16-க்கு 16 கட்டம், 3 நிறம். வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். முடி சரிவரவில்லை, தொப்பி போட்டார். ஆள் உலகப் புகழ்!

வரைய ஆசையா?

முதலில் உருவத்தைக் கறுப்பாக நிரப்புங்க. ஆள் யாருன்னு அதிலேயே தெரியணும். நிறத்தை அள்ளிக் கொட்டாதீங்க, நாலு போதும். சாய்ந்த கோட்டில் படிகள் ஒரே சீராக இறங்கணும். அடிக்கடி எட்ட நின்று பாருங்க.

இன்னும் சந்தேகமா? வாசலில் கோலம் போடும் அம்மாவைக் கேளுங்க!