திரும்பப் பெறப்பட்ட போர்டும் திரும்பி வராத நாட்களும்

கணினிப் பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற, செயலியையும் நினைவகத்தையும் இணைப்பு வடங்களையும் தன்மேல் தாங்கி நிற்கிற அகன்ற பலகையே மதர்போர்டு. பாடநூல்கள் அதைத் தாய்ப்பலகை என்று குறித்தாலும், பழுதுபார்ப்பவர்களும் வாங்குபவர்களும் 'போர்டு' என்றே சொல்கிறார்கள். விசிறி நின்றுபோனால் விசிறியையும், நினைவகம் கெட்டால் நினைவகத்தையும் தனியே கழற்றி மாற்றிவிட முடியும். போர்டு கெட்டால் கணினி முழுவதையும் பிரித்து மறுபடி பூட்டியாக வேண்டும். ஆகவே, தான் விற்ற போர்டுகளில் குறை உள்ளது என்று ஒரு நிறுவனமே முன்வந்து அறிவித்து, அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியவற்றைத் தருவதாகச் சொல்லும்போது, அந்த நேர்மையைப் பாராட்டுகிற அதே வாடிக்கையாளர்தான் அடுத்த பல வாரங்களுக்கு அலைச்சலையும் சுமக்க நேர்கிறது.

இத்தகைய நிகழ்வுகளில் உலகெங்கும் அறியப்பட்டது 2011ஆம் ஆண்டில் நடந்தது. 'சாண்டி பிரிட்ஜ்' என்று பெயரிடப்பட்ட இரண்டாம் தலைமுறை கோர் செயலிகளை இன்டெல் நிறுவனம் அவ்வாண்டு ஜனவரி 9 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றுக்குத் துணையாகப் போர்டில் அமைந்த 'கூகர் பாயின்ட்' என்னும் சிப்செட்டில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அதே மாதம் 31 அன்று அறிவித்து, அதை அனுப்புவதையும் நிறுத்தியது. சிப்செட் என்பது செயலிக்கும் வன்தட்டு, டிவிடி இயக்கி, யுஎஸ்பி போன்ற உறுப்புகளுக்கும் இடையே தரவைப் பிரித்து அனுப்பும் துணைச் சில்லு. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் மடையின் வேலையோடு அதன் வேலையை ஒப்பிடலாம்.

அந்தச் சில்லில் வன்தட்டுகளை இணைப்பதற்கென 'சாட்டா' எனப்படும் வாயில்கள் ஆறு இருந்தன. விநாடிக்கு 6 ஜிகாபிட் வேகமுள்ள முதல் இரண்டும் பழுதற்றவை. விநாடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள மற்ற நான்கிலும்தான் குறை இருந்தது. தரவு எந்தக் கணத்தில் வருகிறது, எந்தக் கணத்தில் போகிறது என்பதை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு வாயிலுக்கும் சீரான கடிகாரத் துடிப்பு தேவை. அந்த நான்கு வாயில்களுக்கும் துடிப்பை வழங்கும் சுற்றில் இடம்பெற்ற ஒரு டிரான்சிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய மின்கதவு, மிக மெல்லிய காப்புப் படலத்தைக் கொண்டிருந்தும், அப்படலம் தாங்கத் தக்க அளவைவிடக் கூடுதலான மின்னழுத்தத்தைப் பெறும்படி வடிவமைக்கப்பட்டுவிட்டது. மூடியிருக்கும்போதும் அதன் வழியே சிறிது மின்சாரம் கசிந்தது. நாளாக ஆகக் கசிவு கூடியது. கடிகாரத் துடிப்பு தடுமாறியது. மூன்றாண்டுப் பயன்பாட்டில், பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 5 முதல் 15 வரை பழுதாகலாம் என்பது அப்போது தெரிவிக்கப்பட்ட மதிப்பீடு. நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளைத் தாண்டி வந்துவிட்ட இக்குறை, கணினி தயாரிப்பாளர்கள் கூடுதல் வெப்பத்திலும் கூடுதல் மின்னழுத்தத்திலும் வைத்து நடத்திய கடுஞ்சோதனைகளில்தான் வெளிப்பட்டது.

மெல்ல மெல்லக் கெடும் பழுதைக் கண்டுபிடிப்பது, ஒரேயடியாகக் கெட்டுப்போவதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது. வாயில் தடுமாறும்போது தரவு பிழையோடு வந்து சேர்கிறது. கணினி அதைத் திரும்பக் கேட்கிறது. மறுபடியும் பிழை வர, மறுபடியும் கேட்கிறது. பயன்படுத்துபவர் காண்பதெல்லாம் கோப்பு திறக்க நேரமாவதும், ஒருநாள் வன்தட்டே காணாமல் போவதும்தான். அவர் வன்தட்டைக் குறைகூறுவார், வடத்தைக் குறைகூறுவார், வைரஸ் என்பார், புதிய வன்தட்டு ஒன்றுக்குப் பணமும் கொடுப்பார். போர்டின் மேல் சந்தேகம் விழுவது கடைசியில்தான்.

திருத்தம் செய்வது தொழிற்சாலைக்கு எளிதாகவே இருந்தது: சில்லின் உலோக அடுக்கு ஒன்றை மாற்றியமைத்தாலே போதும் என்று கண்டறிந்து, 'பி2' என்ற பழைய வெளியீட்டுக்குப் பதிலாக 'பி3' என்ற புதிய வெளியீட்டைப் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து அனுப்பத் தொடங்கினார்கள், ஏப்ரலில்தான் வழங்கல் முழு அளவை எட்டும் என்று கணிக்கப்பட்டது. பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர், இழந்த விற்பனையில் 30 கோடி டாலர் என்று இன்டெல் மதிப்பிட்டது. இதற்கிடையில், முதல் இரண்டு வாயில்களை மட்டும் பயன்படுத்தும் கணினிகளுக்கென்று பழைய சில்லையே அனுப்பும் முடிவும் பிப்ரவரி 7 அன்று வெளியாயிற்று. பொறியியல் நோக்கில் அதில் தவறில்லை. ஆயினும், குறையுள்ளது என்று தாங்களே அறிவித்த சில்லை மறுபடி சந்தைக்கு அனுப்பியது வாங்குபவர்களின் குழப்பத்தைக் கூட்டவே செய்திருக்கும்.

சில்லு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதை மட்டும் மாற்றுவது வாடிக்கையாளரால் ஆகாத காரியம். 1994இல் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழை வெளிப்பட்டபோது, பொருத்தியிலிருந்து செயலியைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. போர்டை மாற்றுவது அப்படியன்று. வடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குளிர்விப்பானைக் கழற்றி, காய்ந்துபோன வெப்பக் களிம்பைத் துடைத்து, செயலியை வெளியே எடுக்க வேண்டும். சாண்டி பிரிட்ஜ் செயலிகள் அமரும் பொருத்தியில் 1,155 தொடுமுனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிரிழை போன்ற வளைந்த உலோகத் துண்டு. செயலி இல்லாத பொருத்தியின்மேல் பிளாஸ்டிக் மூடியை இடாமல் போர்டைப் பொதிந்து அனுப்பினால், வழியில் ஒரேயொரு முனை வளைந்துவிட்டாலும், 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று வாரண்டி மறுக்கப்பட்டுவிடும். அந்த மூடியையோ, முதல் நாளே பெரும்பாலானவர்கள் எறிந்துவிடுகிறார்கள். புதிய போர்டு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. கணினியோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸ் உரிமம் போர்டையே அடையாளமாகக் கொண்டு செயல்படுவதால், அதை மறுபடி செயற்படுத்த வேண்டியிருக்கும்.

இந்தச் சுமை எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில், வானம் பார்த்த பூமியின் நடுவே இருக்கும் வீரசோழன் போன்ற ஓர் ஊரில் கணினி என்பது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ ஒருவருடைய பிழைப்புக்கான கருவி. சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம், பட்டா நகல் என்று ஊரே அதை நம்பி வருகிறது. அது பெரும்பாலும் அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ உதிரிகளை வாங்கிப் பூட்டப்பட்ட, 'அசெம்பிள்' செய்த கணினி. சில்லைச் செய்தவர், போர்டைச் செய்தவர், இறக்குமதியாளர், மொத்த விற்பனையாளர், சில்லறைக் கடைக்காரர், பூட்டித் தந்தவர் என்று நீளும் சங்கிலியில் திரும்பப் பெறும் அறிவிப்பு மேலிருந்து கீழே இறங்க வேண்டும், பழுதான போர்டு கீழிருந்து மேலே ஏற வேண்டும். அறிவிப்பு ஆங்கிலத்தில், உற்பத்தியாளரின் இணையதளத்தில் நின்றுவிடுகிறது. போர்டு ஏறுவதற்கோ ஒவ்வொரு படியிலும் பில் கேட்கப்படுகிறது. நூறு ரூபாய் குறையும் என்று பில்லில்லாமல் வாங்கியவர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். மாற்றுப் போர்டு வரும்வரை வேறொன்றைக் கொடுத்து வைப்பது வழக்கமில்லை. கடை பூட்டிக்கிடக்கும் நாட்களுக்கு 70 கோடி டாலர் கணக்கில் இடமில்லை.

இந்நிலத்தின் வெயிலையும் புழுதியையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். மின்னழுத்தத்தைச் சீராக்குவதற்காகப் போர்டில் வரிசையாக நிற்கும் சிறிய உலோக உருளைகள் மின்தேக்கிகள் எனப்படும். அலுமினியத் தகட்டுச் சுருளும் மின்பகுதிரவமும் அடங்கிய வகை மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று தரமிடப்பட்ட ஒன்று 65 பாகையில் ஏறக்குறைய 32,000 மணி நேரமும், 75 பாகையில் 16,000 மணி நேரமும் உழைக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் பத்தாண்டு தாண்டக்கூடிய போர்டு, தகரக் கூரையின் கீழ், விசிறியில் கரிசல் தூசி அடைத்த பெட்டிக்குள் ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். கெட்ட மின்தேக்கியைக் கண்ணாலேயே அறியலாம்: சிலுவைக் கோடு வெட்டிய அதன் தட்டையான தலை உப்பியிருக்கும், சில சமயம் பழுப்பு நிறப் பிசின் கசிந்து காய்ந்திருக்கும். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தரங்குறைந்த மின்தேக்கிகள் பல நிறுவனங்களின் போர்டுகளில் புகுந்து உலகெங்கும் அவற்றைக் கெடுத்தன. ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 வகைக் கணினிகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்கியது. ஆயினும் அங்கே நடந்தது வாரண்டி நீட்டிப்பே தவிர, எல்லாவற்றையும் திரும்பப் பெறுவது அன்று. கெட்டதாகத் தெரிந்தால்தான் மாற்றித் தரப்படும் என்ற ஏற்பாட்டில், தெரிந்துகொள்ளும் பொறுப்பு வாங்கியவரின் தலையில் வந்து விழுகிறது.

போர்டை மாற்றியும் குறை தீராமல் போவதற்கு 2000 மே மாதத்து நிகழ்வு ஒரு சான்று. இன்டெலின் 820 சிப்செட் 'ராம்பஸ்' என்னும் விலை மிகுந்த நினைவகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. சாதாரண நினைவகத்தையும் அதில் பயன்படுத்த வசதியாக இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு வைக்கப்பட்டது. அச்சில்லில் எழுந்த மின் இரைச்சலால் கணினிகள் தாமாக நின்று மறுபடி தொடங்கின, தரவும் சிதையக்கூடும் என்று கண்டறியப்பட்டது. போர்டுகள் மாற்றித் தரப்பட்டன, நிறுவனத்துக்கு 25.3 கோடி டாலர் செலவானது. ஆனால் சாதாரண நினைவகத்தை நம்பி வாங்கியவருக்கு, அந்த நினைவகம் பொருந்தாத ராம்பஸ் வகைப் போர்டு தீர்வாக முன்வைக்கப்பட்டபோது, பின்னாளில் நினைவகத்தைக் கூட்ட விரும்பினால் விலை மிகுந்ததையே வாங்க வேண்டிய நிலையும் கூடவே வந்தது.

இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வடிவமைப்புக் குறைக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. பொருட்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அளித்துள்ளது. ஆனால் அவ்வதிகாரம் ஆபத்தான, தீங்கான, பாதுகாப்பற்ற பொருட்களுக்கே உரியது. வன்தட்டு வாயில் மெல்லக் கெடும் போர்டு எவரையும் சுடுவதில்லை என்பதால் அதற்குள் எளிதில் அடங்காது. இது நிரப்பப்பட வேண்டிய இடைவெளி. அதேவேளை, இச்சட்டம் தந்துள்ள இரண்டு வசதிகள் சிற்றூர்வாசிகளுக்குப் பெரிதும் உதவுபவை. நிறுவனம் எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். தம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கிய பொருளுக்கும் அவர் நுகர்வோராகவே கருதப்படுவார். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கிட வேண்டிய காலம், வழக்குக்குரிய காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள்.

உற்பத்தியாளர்கள் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தமிழிலும், வாங்கியவரின் கைப்பேசிக்கும் அனுப்ப வேண்டும்; புதிய போர்டை முதலில் அனுப்பிவிட்டுப் பழையதைப் பிறகு பெற்றுக்கொள்ள வேண்டும். அது நடக்கும்வரை வாசகர்கள் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கணினியைப் பூட்டும் நாளில், பெட்டியின் பக்கக் கதவை மூடுவதற்கு முன், போர்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, பொருத்தியின் பிளாஸ்டிக் மூடியையும் பில்லையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915.